பெரியப்பாவின் மாஸ்க்வா-5: சிவப்பு ஜன்னலில் 6 தெரிகிறது என்றால்

நீங்கள் கேட்டது இது: 1960களில் மாஸ்கோவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்த பெரியப்பாவின் பெட்டியில் ஒரு மடக்குக் கேமரா கிடைத்தது. மேலே ரஷ்ய எழுத்தில் ஏதோ பெயரும் 5 என்ற எண்ணும் இருக்கின்றன. முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிக்குள் 6 என்று தெரிகிறது. இது என்ன கேமரா, இன்றைக்கும் படம் எடுக்குமா, விற்றால் விலை போகுமா, இல்லை ஷோகேஸில் வைத்துவிடலாமா?

மற்றதெல்லாம் அப்புறம். முதலில், பின்கதவைத் திறக்காதீர்கள். அந்த 6 கேமராவில் பொறித்த எண் இல்லை. உள்ளே இருக்கும் ஃபிலிமின் முதுகுக் காகிதத்தில் அச்சடித்த எண். உங்கள் பெரியப்பா கடைசியாகப் போட்ட ரோல் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஐந்து படம் எடுத்து முடித்திருப்பார். ஆறாவதையும் எடுத்துவிட்டுச் சுற்றாமல் வைத்தாரா என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். கதவைத் திறந்தால் அந்த ஐந்தில் பாதி ஒரே நொடியில் போய்விடும்.

முன்பக்கத்தையும் இப்போதைக்கு விரிக்க வேண்டாம். மடங்கிய நிலையிலேயே, ராத்திரி விளக்கணைத்த அறையிலோ போர்வைக்குள்ளோ, மேலே இருக்கும் சுற்றும் திருகைச் சுற்றுங்கள். அது ஒரு பக்கம்தான் சுற்றும். மறுபக்கம் திருப்பப் பார்க்காதீர்கள். நாற்பது ஐம்பது வருஷம் சுருண்டு கிடந்த ஃபிலிம் விறைத்திருக்கும், அதனால் மெதுவாக. கையில் இறுக்கம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். பலவந்தமாகச் சுற்றினால் ஃபிலிம் உள்ளேயே கிழியும். சாதாரணமாகச் சுற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போய் லேசாகச் சுழலும். காகிதம் முழுக்க எதிர் ஸ்பூலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். இருட்டிலேயே கதவைத் திறந்து, ரோல் தளர்ந்துவிடாமல் இறுக்கிப் பிடித்து எடுத்து, ரப்பர் பேண்ட் போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

பிறகு வெளிச்சத்தில் காகிதத்தின் வெளி நுனியை மட்டும் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து வந்த ரோல் என்றால் ஷோஸ்த்காவில் செய்த ஸ்வெமாவாகவோ கசானில் செய்த தாஸ்மாவாகவோ இருக்கும். இங்கே வந்தபிறகு வாங்கியிருந்தால், அந்தக் காலத்தில் நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைத்த கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோவாகவோ ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் இந்துவாகவோ இருக்கலாம். எதுவானாலும் கருப்பு வெள்ளையாகவே கழுவச் சொல்லுங்கள். கலர் ஃபிலிமாக இருந்தாலும் அப்படித்தான். அத்தனை பழைய கலர் ஃபிலிமில் நிறம் நம்பும்படி வராது, உருவமாவது மிஞ்சட்டும். பழைய ரோல்களைக் கையாண்டு பழகிய லேபிடம் கொடுங்கள். மூட்டம் குறைவாகத் தரும் டெவலப்பர், அதாவது ஃபிலிம் கழுவும் ரசாயனம் வேண்டும். பலர் எச்.சி.-110 என்ற டெவலப்பரைப் பயன்படுத்துகிறார்கள். மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும்தான் வரும். வந்தாலே பெரிய விஷயம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் கேமராவின் முதுகில் சிவப்பு ஜன்னல் இரண்டு இருக்கும். ஒன்று 6x9 செ.மீ. படத்துக்கு, மற்றது 6x6 செ.மீ. சதுரப் படத்துக்கு. காகிதத்தில் இரண்டுக்கும் தனித்தனி எண் வரிசை ஓடுகிறது. நீங்கள் பார்த்த 6 எந்த ஜன்னலில் என்பதையும், ரோலை எடுத்தபின் உள்ளே சதுரச் சட்டம் மாட்டியிருக்கிறதா என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். படங்களின் எண்ணிக்கையை முடிவு செய்வது அதுதான்.

இனி கேமரா. இது மாஸ்க்வா-5. மாஸ்க்வா என்றால் ரஷ்ய மொழியில் மாஸ்கோ நகரம்தான். மாஸ்கோவை ஒட்டிய கிராஸ்னோகோர்ஸ்கில் இருக்கும் இயந்திரத் தொழிற்சாலை, சுருக்கமாக கேஎம்இசட், 1956 முதல் 1960 வரை இதைச் செய்தது. ஒரு பட்டகத்தின் வழியாக ஒளிக்கதிர் வளைந்து போவதுபோல ஒரு சின்ன முத்திரை பொறித்திருக்கும், அதுதான் தொழிற்சாலையின் அடையாளம். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 58 என்று தொடங்கினால் 1958-ல் செய்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. டிரெஸ்டனில் இருந்த சைஸ் ஐகான் நிறுவனம் 1930களில் சூப்பர் ஐகாண்டா என்ற மடக்குக் கேமரா வரிசையைக் கொண்டுவந்தது. போர் முடிந்தபோது டிரெஸ்டன் சோவியத் பிடியில் இருந்தது. போர் இழப்பீடாக இயந்திரங்கள், உதிரிபாகங்கள், வரைபடங்கள் எல்லாம் கிழக்கே போயின. 1946-ல் மாஸ்க்வா-1 வந்தது. ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் ஜெர்மன் லென்ஸும் ஜெர்மன் ஷட்டருமே இருந்தன. அடுத்த ஆண்டு, தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் ரேஞ்ச்ஃபைண்டரோடு மாஸ்க்வா-2. இப்படியே வளர்ந்து ஐந்தில் முடிந்தது. மாஸ்க்வா-5 மட்டும் 2 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள்.

"வெறும் காப்பி" என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிராஸ்னோகோர்ஸ்கில் முன்பு இருந்த ஒளியியல் தொழிற்சாலையை 1941-ல் ஜெர்மன் படை நெருங்கியபோது அப்படியே பெயர்த்து நோவோசிபிர்ஸ்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலியான அந்த இடத்தில் 1942-ல் தொடங்கியதுதான் கேஎம்இசட். அதற்கு நாலு வருஷத்தில் மக்களுக்கான கேமரா செய்யத் தொடங்குகிறது. 1959-ல், உங்கள் மாஸ்க்வா-5 வகை உற்பத்தியில் இருந்த அதே காலத்தில், நிலவின் மறுபக்கத்தை முதன்முதலில் படமெடுத்த லூனா-3 விண்கலத்துக்குக் கேமரா செய்து கொடுத்ததும் இதே தொழிற்சாலை. இரவல் வரைபடத்தில் தொடங்கினாலும், கைகள் அங்கே நிஜமாகவே தேறியிருந்தன.

ஏன் இவ்வளவு பெரிய ஃபிலிம்? அந்தக் காலத்தில் வீட்டில் நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர் வைத்திருந்தவர்கள் குறைவு. 6x9 நெகட்டிவ் என்றால் அதைத் தாளின்மேல் நேராக வைத்து, கண்ணாடியால் அழுத்தி, விளக்கைப் போட்டு அணைத்தால் உள்ளங்கை அளவு பிரிண்ட் கிடைத்துவிடும். ஆல்பத்தில் ஒட்டப் போதுமான அளவு. இன்றைக்கு அதே அளவு நமக்கு வேறு விதத்தில் வரப்பிரசாதம். 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படத்தைப்போல இது பரப்பில் ஐந்து மடங்குக்கு மேல். நல்ல ஒளியில், ஸ்டாண்டில் வைத்து, கவனமாக எடுத்த ஒரு 6x9 நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து லூப் என்ற சின்ன உருப்பெருக்கி வழியாகப் பாருங்கள். தெருக்கோடியில் இருக்கும் பெயர்ப்பலகையைப் படிக்கலாம். முழு ரோலுக்கு எட்டே படம். சதுரச் சட்டம் போட்டால் பன்னிரண்டு.

லென்ஸ் இண்டஸ்டார்-24, 105 மி.மீ., எஃப் 3.5. நான்கு கண்ணாடிகள் மூன்று தொகுதிகளாக அமைந்த, டெஸ்ஸர் என்ற ஜெர்மன் லென்ஸின் வகை. 6x9-க்கு இது இயல்பான பார்வைக்கோணம், 35 மி.மீ. கேமராவில் 45 மி.மீ. லென்ஸ் காட்டுவதை ஏறக்குறைய இது காட்டும்.

இந்தக் கேமராவில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் ரேஞ்ச்ஃபைண்டர். கேமராவை விரித்ததும் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். அதன் நுனியில் கோலிக்குண்டு அளவில் ஒரு வட்டக் கண்ணாடி. ஃபோகஸ் சக்கரத்தை விரலால் உருட்டிக்கொண்டே அந்த வட்டத்தைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணாடிகள் எதிர் எதிர்த் திசையில் சுழலும். இரண்டும் ஆப்பு வடிவம்: ஒரு ஓரம் தடிமன், மறு ஓரம் மெலிவு. ஒன்று ஒளியை மேலே தள்ளினால் மற்றது கீழே தள்ளி அதைச் சரிக்கட்டிவிடும்; மிஞ்சுவது பக்கவாட்டு விலகல் மட்டும். அந்த விலகல்தான் ரேஞ்ச்ஃபைண்டரில் இரண்டாவது பிம்பத்தை இடவலமாக நகர்த்துகிறது. இரண்டு பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஃபோகஸ் சரி. வழக்கமான ரேஞ்ச்ஃபைண்டர்களில் உடம்புக்குள் ஒரு கண்ணாடியோ பட்டகமோ நெம்புகோலோடு சேர்ந்து அசையும்; ஒருமுறை கீழே விழுந்தாலே கணக்கு தவறும். இதில் உடம்புக்குள் அசையும் பாகமே இல்லை. மடக்கி விரித்து மடக்கி விரித்து அறுபது வருஷம் ஆன பின்னும் பல மாஸ்க்வாக்களில் தூரம் சரியாகக் காட்டுவதற்குக் காரணம் இந்த ஆப்புக் கண்ணாடிகள்தான்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. யாரும் முன்கண்ணாடியைக் கழற்றியிருக்கக் கூடாது. இந்த லென்ஸில் ஃபோகஸ் செய்யும்போது முழு லென்ஸும் நகராது, முதல் கண்ணாடி மட்டும் மறையில், அதாவது திருகுப் புரியில் சுழன்று முன்னே பின்னே போகும். அந்த மறையில் போட்ட கிரீஸ் காலப்போக்கில் கோந்துபோல இறுகிவிடும். இறுகியதைப் பார்த்துச் சிலர் பிடித்து முறுக்குகிறார்கள். அப்போது பின்னால் இருக்கும் கண்ணாடியும் சேர்ந்து கழன்று வரும். சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது மறை எந்த இடத்தில் தொடங்கியது என்று குறித்து வைத்திருக்கவில்லை என்றால், ரேஞ்ச்ஃபைண்டர் ஒரு தூரம் சொல்லும், லென்ஸ் வேறொரு தூரத்தில் நிற்கும்.

எனக்கு நடந்தது இதுதான். என் மாஸ்க்வாவின் ஃபோகஸ் வளையம் அசையவில்லை என்று ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். வெண்ணெய்போலச் சுழல்கிற மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு இரண்டு ரோல் எடுத்தேன், பதினாறு படம். ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. என் கை ஆடிவிட்டது, லென்ஸே இவ்வளவுதான் என்றெல்லாம் நினைத்து மாதக்கணக்கில் கேமராவை அலமாரியில் வைத்துவிட்டேன். அந்தப் பதினாறில் ஒன்று என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுக்கும் படம். அடுத்த முறை எடுக்க அவர் இல்லை. முன்கண்ணாடியை ஒரு சுற்று தள்ளி மாட்டியிருக்கிறார்கள் என்பதைப் பிறகு நானே சோதித்துத்தான் கண்டுபிடித்தேன்.

அதனால் ஒரு ரோல்கூடப் போடும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். காலிக் கேமராவின் பின்கதவைத் திறந்து, முன்பக்கத்தை விரித்து, ஷட்டரை பி-யில் (அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸ் என்ற அழுத்துக் கம்பியை மாட்டி அழுத்திப் பூட்டிவிடுங்கள். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை எஃப் 3.5-க்குத் திறந்துவிடுங்கள். ஃபிலிம் படியும் இடத்தில் இரண்டிரண்டு தண்டவாளம் தெரியும். உட்பக்கத் தண்டவாளத்தின்மேல் சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி ஒரு தேய்த்த கண்ணாடித் துண்டை வையுங்கள். அது கிடைக்காவிட்டால் ட்ரேசிங் பேப்பரைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டலாம். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்ஃபோன் டவரையோ கோயில் கோபுரத்தையோ பார்த்து, ஃபோகஸை முடிவிலியில் வைத்து, பிம்பத்தை லூப் வழியாகப் பாருங்கள். கூர்மையாக இருக்கிறதா? அதே கோபுரம் ரேஞ்ச்ஃபைண்டரிலும் ஒன்றாகப் பொருந்துகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் உங்கள் கேமராவை யாரும் கெடுக்கவில்லை. வளையம் இறுகியிருந்தாலும் சரி, முறுக்காமல், முன்கண்ணாடியின் தற்போதைய நிலையைக் கூரிய பென்சிலால் குறித்துக்கொண்டு வேலை செய்கிற ஆளிடம் மட்டும் கொடுங்கள்.

அடுத்தது பெல்லோஸ். கொல்லன் பட்டறைத் துருத்திபோல மடிந்து விரியும் அந்தக் கறுப்புப் பை. அதன் மூலைகள்தான் முதலில் தேயும். இருட்டறையில் கேமராவை விரித்து, பின்பக்கத்திலிருந்து செல்ஃபோன் டார்ச்சை உள்ளே காட்டி, வெளியே ஒவ்வொரு மடிப்பு மூலையையும் நிதானமாகப் பாருங்கள். பார்க்கும்போதே கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். சில ஓட்டைகள் ஒரு கோணத்தில் மட்டும்தான் நட்சத்திரம்போல மின்னும். ஒன்றிரண்டு இருந்தால் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டை ஃபெவிகாலில் குழைத்து, ஈர்க்குச்சி நுனியால் உள்பக்கமாகத் தொட்டு வைத்து, விரித்தபடியே ஒரு நாள் காயவிடுங்கள். பத்து பதினைந்து இருந்தால் ஒட்டுப்போடுவதில் அர்த்தமில்லை, புது பெல்லோஸ்தான் மாட்ட வேண்டும். படம் எடுத்தபின்தான் தெரிந்தது என்றால் அடையாளம் இதுதான்: எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் புகைபோல ஒரு வெள்ளைத் திட்டு.

நம் ஊர் ஈரக்காற்றுக்கு லென்ஸில் பூஞ்சை வருவது சகஜம். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை இழைபோலத் தெரியும். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் வித்தியாசமே தெரியாது. கேமராவை இனி அந்தத் தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சையை வளர்க்கும். உறையைத் தனியாகவும் கேமராவை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவிலும் வையுங்கள்.

ஷட்டர் 1 விநாடியிலிருந்து 1/250 வரை போகும். ஃபிலிம் சுற்றுவது வேறு, ஷட்டரை ஏற்றுவது வேறு. லென்ஸைச் சுற்றி இருக்கும் சின்ன நெம்பியால் ஒவ்வொரு படத்துக்கும் ஏற்ற வேண்டும். வேகத்தை முதலில் வைத்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள், முக்கியமாக 1/250-க்கு. செல்ஃப் டைமரைத் தொடாதீர்கள். பாதியில் நின்றுவிட்டால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும். ஒரு விநாடி, அரை விநாடி எல்லாம் இழுத்துக்கொண்டு ஓடினால் கவலைப்பட வேண்டாம், பகல் வெளிச்சத்தில் அவை தேவைப்படாது.

படம் எடுப்பதற்கு வருவோம். நம் வெயிலுக்கு ஒளி அளக்கும் மீட்டர் இல்லாமலே சமாளிக்கலாம். 100 வேக ஃபிலிம், உச்சி வெயில் என்றால் 1/100, எஃப் 16. மேகம் மூடினால் எஃப் 8. சந்தேகம் வந்தால் கொஞ்சம் அதிக ஒளி கொடுங்கள், கருப்பு வெள்ளை நெகட்டிவ் தாங்கும். முதல் கண்ணாடி மட்டும் நகரும் லென்ஸ் என்பதால் கிட்டத்து ஆளை முழுத் திறப்பில் எடுத்தால் ஓரங்கள் இளகித்தான் இருக்கும். எஃப் 8, 11-ல் இதே லென்ஸ் வேறு ஆளாகிவிடும். தெருவில் வேகமாக எடுக்க வேண்டுமா? எஃப் 11-ல் வைத்து ஃபோகஸை 13 மீட்டர் வாக்கில் நிறுத்தினால் ஏழு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாமே ஏற்கத்தக்க கூர்மையில் விழும்.

மடக்குக் கேமராவுக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு, இதைத் தெரியாமல்தான் பலர் படத்தை இழக்கிறார்கள். ஃபிலிமைச் சுற்றிவிட்டு மடக்கி வைத்து, அப்புறம் விரிக்காதீர்கள். பெல்லோஸ் படாரென்று விரியும்போது உள்ளே காற்றை இழுக்கும், அந்த இழுப்பில் ஃபிலிம் லென்ஸ் பக்கம் உப்பிவிடும், நடுப்பகுதி மங்கும். முதலில் மெதுவாக விரியுங்கள், பிறகு அடுத்த எண்ணுக்குச் சுற்றுங்கள், உடனே எடுங்கள். சுற்றும்போது மட்டும் சிவப்பு ஜன்னலைத் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள். இன்றைய ஃபிலிம்கள் சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். திரும்ப மடக்கும்போது ஃபோகஸை முடிவிலிக்குக் கொண்டுவந்து, அந்தக் கண்ணாடிக் கை தன் இடத்தில் படிந்திருக்கிறதா என்று பார்த்து, பக்கத் தாங்கிகளை அழுத்தி மூடுங்கள். மூட மறுத்தால் அழுத்தாதீர்கள், ஏதோ ஒன்று இடறுகிறது.

விற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 2 லட்சத்துக்கு மேல் செய்த கேமரா, அபூர்வம் என்று யாரும் கொட்டிக் கொடுக்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் அது எடுத்துத் தரப்போகிற படங்களுக்கு முன்னால் அந்த விலை எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இதில் போடும் 120 அளவு ஃபிலிம் ரோல் இன்றும் ஆன்லைனில் கிடைக்கிறது. ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது மட்டும் 6x9 என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், எல்லா லேபிலும் அந்த அளவுக்குத் தட்டு இருக்காது.

இன்னொன்று. பெரியப்பாவின் ரோலை வெளியே எடுத்தபின் உள்ளே ஒரு காலி ஸ்பூல் மிஞ்சும். பழைய குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அதை எடுத்து சுற்றும் திருகின் பக்கம் மாட்டுங்கள். நீங்கள் வாங்கும் முதல் ரோல் அதில்தான் சுற்றப் போகிறது.